மான் ஹலால்தானே, ஹஜ்ரத்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களும், அவர்களோடு பழகும் இளைஞர்களும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "மான் ஹலால்தானே, ஹஜ்ரத்? அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம்?" நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு மார்க்கத்திலேயே விடை இருக்கிறது.

மான் இறைச்சி ஹலால் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிராணி ஹலால் என்பது வேறு, அதை அடையும் வழி ஹலால் என்பது வேறு. ஆடும் ஹலால்தான், அடுத்தவர் பட்டியிலிருந்து திருடி வந்து பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால் திருட்டுப் பாவம் போய்விடுமா?

அல்மாயிதா சூராவின் முதல் வசனத்தைக் கவனியுங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும் அந்த வசனம், அதே மூச்சில் இஹ்ராமில் வேட்டையாடக் கூடாது என்கிறது. வாக்கைக் காப்பதும் வேட்டையில் கையடக்கமும் ஒரே வசனத்தில் வருகின்றன. நாம் இந்த நாட்டில் ஒரு பொது உடன்படிக்கைக்குள் வாழ்கிறோம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல், 7 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டம் ஹலாலான உணவு எதையும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. ஆடு, மாடு, கோழி, மீன் எல்லாம் கடையில் இருக்கின்றன. மான் சாப்பிடாததால் எந்த ஃபர்ளும் விடுபடாது.

காட்டைப் பாதுகாப்பது நமக்கு அந்நியமான விஷயமும் அல்ல. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் கூடாது. மதீனாவுக்கு அருகில் நகீஃ என்ற மேய்ச்சல் நிலத்தை நபி (ஸல்) அவர்கள் பொது நன்மைக்காக ஒதுக்கி வைத்தார்கள்.

சட்டத்துக்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா பயணத்தில் ஸஹாபாக்கள் இஹ்ராமில் இருந்தபோது வேட்டைப் பிராணிகள் கூடாரங்கள் வரை வந்தன. கையாலும் ஈட்டியாலும் எட்டிப் பிடிக்கும் தூரம். அல்மாயிதாவின் 94ஆம் வசனம் அதற்குக் காரணம் சொல்கிறது: மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் வைத்த சோதனை அது. ஆக, மான் கைக்கெட்டும் தூரத்தில் வருவதை அதிர்ஷ்டம் என்று எண்ணாதீர்கள். நள்ளிரவு, கையில் டார்ச், காவலர் இல்லை. அங்கேதான் தக்வாவின் பரீட்சை நடக்கிறது.

"நான் சுடவில்லை, ஒரு கிலோ வாங்கினேன், அவ்வளவுதான்" என்பவருக்கும் பாடம் உண்டு. அதே ஹுதைபிய்யா பயணத்தில் அபூ கதாதா (ரலி) அவர்கள் இஹ்ராம் இல்லாத நிலையில் ஒரு காட்டுக் கழுதையை வேட்டையாடினார்கள். இஹ்ராமில் இருந்த தோழர்கள் அதை உண்ணலாமா என்ற கேள்வி எழுந்தது. உங்களில் யாராவது அவரைத் தூண்டினீர்களா, அதைச் சுட்டிக் காட்டினீர்களா என்று விசாரித்து, இல்லை என்ற பிறகே நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். விரல் நீட்டுவதே பங்கு என்றால், முன்பணம் கொடுத்து இறைச்சிக்குச் சொல்லி வைப்பவரின் நிலை என்ன?

அடுத்து வெடி. சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்கு மருந்தின் குணத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்களைப் பறிகொடுத்த மண் இது. அந்த மருந்தைத் தீனிக்குள் மறைத்து அவுட்டுக்காய் என்று தோட்டத்தில் போடுவது எத்தனை பாவங்களின் தொகுப்பு! ஆலையிலிருந்து மருந்தை எடுத்து வந்தால் அமானித மோசடி. வாய் சிதறிய பிராணி தின்ன முடியாமல் நாள்கணக்கில் துடிப்பது கொடுமை. அறுக்கும் முன் செத்துவிட்டால் அது மைத்தா, செத்த பிணம், உண்பது ஹராம். அந்த உருண்டைக்கு மான் எது, பசு எது, விளையாட வந்த குழந்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்த யானை, வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை வைத்தபடி நின்றே உயிர்விட்டது. அது சினையாக இருந்தது.

சகோதரர்களே, செய்ய வேண்டியவை எளியவை:

மான் பயிரை மேய்ந்தால் சேதத்தைப் படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள். நிவாரணம் கேட்பது உங்கள் உரிமை.

வேலியில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். அதில் மனிதர்களும் சாகிறார்கள்.

கோடையில் தண்ணீர் தேடி வரும் மான் கிணற்றில் விழுந்தாலோ, நாய்கள் விரட்டினாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த மார்க்கம் நம்முடையது.

சாலையில் வண்டி மோதிச் செத்த மானைத் தூக்கி வராதீர்கள். சட்டப்படி அது அரசின் சொத்து, மார்க்கப்படி அது மைத்தா.

மான் கறி என்று யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லையென்றால் துப்பாக்கி தானாக இறங்கும்.

காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்று ஹதீஸில் வருகிறது. குருவிக்கே வழக்கு உண்டென்றால், குட்டியைப் புதரில் விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வந்த பெண்மானுக்கு இல்லாமலா போகும்?

யாரும் காணாத இடத்திலும் தன்னை அஞ்சி நடக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.