பதத்தில் பேசுபவள் யார்?

ஒருவர் இயற்றிய காதற்பாட்டை இன்னொருவர் தம் கருவியிலும் குரலிலும் எடுத்தாளும்போது அதில் ஒலிக்கும் ஏக்கம் யாருடையது என்ற கேள்வி, இசை உள்ள இடங்களில் எல்லாம் எழுந்திருக்கிறது. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் 1950களின் இறுதியில் தோன்றிய போசா நோவா, உரத்த பாட்டை விட்டுத் தணிந்த குரலையும் கிதாரையும் நம்பிய இசைவகை. அதன் முதன்மையான இசையமைப்பாளர்களுள் ஒருவரான அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமின் பாடல்களைச் சாவோ பாவ்லோவில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞரும் பாடகருமான எலியானி எலியாஸ், 1990இல் வெளியான ஓர் இசைத்தட்டில் பெரும்பாலும் பியானோவிலேயே வாசித்தளித்தார்; ஜோபிம் 1994இல் மறைந்தபின், 1998இல், தம் குரலில் பாடி மற்றொன்றை வெளியிட்டார். சொல்லை விலக்கிப் பாட்டை விரலால் அறிந்தவர், பிறகு அதே மனிதரின் சொற்களைத் தம் வாயால் சொல்ல முன்வந்தார் என்பதில், எடுத்தாளும் கலைஞருக்கு உள்ள உரிமையும் பொறுப்பும் ஒருங்கே தெரிகின்றன. அங்கே இது கலையைப் பற்றிய கேள்வியாக நின்றுவிடலாம். சென்னையில், குறிப்பாக மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட இசைச் சூழலில், அதே கேள்வி சமயக் கேள்வியாகிவிடுகிறது. ஏனெனில் இங்கே காதற்பாட்டின் தலைவன் கடவுள்.

அந்தப் பாட்டுக்குப் பதம் என்று பெயர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளைக் கொண்டு, மிகத் தாழ்ந்த காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில் அமைந்து, ஒரு பெண் தன் தலைவனிடமோ தோழியிடமோ பேசுவதாக வருவது பதம். இவ்வகையில் முதலிடம் பெறுபவர் பதினேழாம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய க்ஷேத்ரக்ஞர். முவ்வகோபாலன் என்று தம் இறைவனின் பெயரையே முத்திரையாக, அதாவது பாட்டுக்குள் பதிக்கும் அடையாளப் பெயராக வைத்துக்கொண்டவர். தமிழில் கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் போன்றோர் பதங்கள் இயற்றினார்கள். இந்தப் பாட்டுகளில் பேசும் பெண்கள் எல்லாரும் பணிந்து வேண்டுபவர்கள் அல்லர். இரவெல்லாம் வேறொருத்தியிடம் இருந்துவிட்டு விடியலில் வந்து நிற்பவனைக் கடிந்து வாசலிலிருந்தே திருப்பி அனுப்புகிறவள் இருக்கிறாள். கொடுப்பதாகச் சொன்ன பொருள் எங்கே என்று நேரடியாகக் கேட்கிற கணிகையும் இருக்கிறாள். இயற்றியவர் ஆண், பேசுபவள் பெண், கேட்பவன் கடவுள், பாடுபவர் நான்காமவர். இந்த நான்கு பேருக்கு இடையில் வேண்டுதல் என்பது எங்கே நிகழ்கிறது?

இதற்கு வாதத்தால் அன்றி வாசிப்பால் விடை சொன்ன முதல் பெருங்கலைஞராக வீணை தனம்மாளைக் கருதலாம். 1867இல் பிறந்து 1938இல் மறைந்த அவர், ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணையை மீட்டியபடியே தாமும் மெல்லப் பாடுவார். பிற்காலத்தில் பார்வை மங்கிப் போனபோதும் அது நிற்கவில்லை. மிருதங்கம் இல்லாத அந்தச் சிறு அவையில் இசைவாணர்களே பெரும்பாலும் கேட்பவர்களாக இருந்தார்கள். பதத்தில், பாடுபவர் அப்போதே புனைந்து பாடும் கற்பனைச் சுரம் கிடையாது; ஒரு வரியை எடுத்துத் தாளத்துக்குள் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலும் கிடையாது. அப்படியானால் எடுத்தாள்பவரின் பங்கு என்ன என்று வினவினால், ஓர் எழுத்தின்மேல் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, எவ்வளவு நேரம் நிற்கிறது, ஒரே வரி மீண்டும் வரும்போது அதன் எடை எந்தச் சொல்லுக்கு நகர்கிறது, மூச்சு எங்கே விடப்படுகிறது என்ற மிக நுண்ணிய முடிவுகளில்தான் அது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சகானா ராகத்திலோ முகாரி ராகத்திலோ அமைந்த ஒரு பதத்தில், போ என்னும் சொல்லைப் போகவேண்டாம் என்று பொருள்படும்படி பாட முடியும். அதற்கு ஒரு சுரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வீணை குரலுக்குத் துணையாகவும் குரல் வீணைக்குத் துணையாகவும் நிற்கும் அந்த முறையில், பாடுபவர் தம்மைக் காட்டிக்கொள்ள இடமே இல்லை. ஆயினும் அவர் இல்லாமல் அந்தப் பெண் ஒரு சொல்லும் பேச முடியாது.

தனம்மாளின் பேரப்பிள்ளைகள் வழியாக இந்தப் பாணி நகரின் தென்பகுதிக்கு வந்து சேர்ந்தது. டி. பிருந்தாவும் டி. முக்தாவும் சேர்ந்து பாடிய பதங்கள் இன்றும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பட்டு, இன்று அடையாற்றின் கரைக்கருகே தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தில் பிருந்தா ஆசிரியராக இருந்தார்; இராம்நாட் கிருஷ்ணன், அருணா சாயிராம் போன்றோர் அவரிடம் பதம் பயின்றவர்கள். மியூசிக் அகாடமி 1976இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அளித்தது. அவருடைய தாயின் உடன்பிறந்தவரான ஜெயம்மாளின் மகள் பாலசரசுவதி ஆடியபடியே பாடினார், மகன் டி. விசுவநாதன் புல்லாங்குழலை வாசித்துக்கொண்டே இடையிடையே குழலை இறக்கிவிட்டு அதே வரியைப் பாடினார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த விசுவநாதனின் இந்தப் பழக்கம் வெறும் மேடை உத்தி அன்று. சொல் இல்லாத கருவி பாடலின் சொல்லை மறந்துவிடக் கூடாது என்ற குடும்பக் கொள்கையின் வெளிப்பாடாகவே அதைக் கொள்ள வேண்டும்.

எனினும் இந்தக் கலையைக் காத்த பெண்களிடம் நகரம் நடந்துகொண்ட விதத்தைக் கடந்து சென்றால் சமயக் கேள்வி முழுமை பெறாது. பதம் பாடியவர்களில் பெரும்பாலோர் கோயிலோடும் அரசவையோடும் தொடர்புடைய தேவதாசி மரபினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த வகுப்பினர் அவர்கள் பாடிய சொற்களை அவர்களுடைய வாழ்க்கையின் வாக்குமூலமாகப் படித்தார்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியதும், அதன் விளைவாக 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததும் பெருமைக்குரியவை. அவர் தொடங்கிய ஔவை இல்லம் அடையாற்றில் இன்றும் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருகிறது. சட்டம் சிறுமிகளைக் காத்தது. பாட்டின்மேல் படிந்த இழிவை நீக்குவது அதன் வேலை அன்று. அந்த வேலையை வேறொரு வழியில் மேற்கொண்ட ருக்மிணி தேவி, 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவி, நடனத்தில் பக்தியை முன்னிறுத்திச் சிருங்காரத்தை, அதாவது காதற்சுவையை, கட்டுக்குள் வைத்தார். அவருடைய பற்று உண்மையானது. ஆனால் தூய்மைப்படுத்தினால்தான் காதற்பாட்டு கடவுளைச் சேரும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அந்த எண்ணத்தைத்தான் பாலசரசுவதி ஏற்க மறுத்தார். 1975 டிசம்பரில் தமிழிசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில் அவர், பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசையைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு, தொடக்க உருப்படியான அலாரிப்பைக் கோபுரமாகவும் பதத்தைக் கருவறையின் தண்ணிய அமைதியாகவும் விளக்கினார்; சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த ஒன்றும் இல்லை என்பதும், அதுவே சுவைகளில் தலையாயது என்பதும் அவருடைய உறுதியான நிலை.

இந்த நிலைக்கு அழகியலிலிருந்து ஒரு சான்று தரலாம். நாட்டிய சாத்திரத்துக்கு உரை கண்ட காஷ்மீரத்து அபிநவகுப்தர், அரங்கில் தோன்றும் உணர்ச்சி எந்தத் தனிமனிதருக்கும் உரியது அன்று என்றார். நடிப்பவருக்கும் கதைமாந்தருக்கும் பார்ப்பவருக்கும் உரிய இடமும் காலமும் கழன்றுபோய், உணர்ச்சி பொதுமை பெறுகிறது; அந்தப் பொதுமையாக்கத்துக்கு அவர் மரபில் சாதாரணீகரணம் என்று பெயர். இதன்படி, பதம் பாடும் பெண்ணின் வாழ்க்கையைப் பாட்டுக்குள் தேடுவது பிழை. இராம்நாட் கிருஷ்ணன் என்னும் ஆண் பாடும்போது எவரும் அப்படித் தேடவில்லை என்பதே அந்தத் தேடலின் அநீதியைக் காட்டுகிறது. ஆயினும் இந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எல்லார்க்கும் பொதுவான உணர்ச்சியைச் சுவைக்கலாம். சுவைத்தல் வேண்டுதல் ஆகுமா? வழிபாட்டில் ஒருவர் தம்மை முன்வைத்தாக வேண்டும் அல்லவா?

விடை, பதங்களைவிடப் பழைய தமிழ் வைணவ மரபில் இருக்கிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் உள்ள 100 பதிகங்களில் 27 பதிகங்கள் தலைவி, தாய், தோழி ஆகியோரின் கூற்றாக அமைந்தவை. ஆசாரிய ஹிருதயம் என்னும் நூலில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இதற்குத் தரும் விளக்கத்தின் சாரம், அறிவின் தெளிவில் நிற்கும்போது ஆழ்வார் தாமாகவே பேசுகிறார், அன்பு மேலோங்கும்போது பெண்ணாகிவிடுகிறார் என்பது. அதாவது, பிறர் குரலை எடுத்துக்கொள்வது தம்மை மறைக்கும் வேடம் அன்று. தம் குரல் தாங்காத அளவுக்கு அன்பு பெருகியதன் விளைவு. ஆண்டாளின் திருப்பாவையில் இது இன்னும் ஓர் அடுக்கு பெறுகிறது. திருவில்லிபுத்தூரில் வாழ்ந்தவள் ஆயர்பாடிப் பெண்ணாகத் தன்னைக் கொண்டு பாடினாள். அவளுடைய அந்தக் குரலை இரவல் வாங்கி, மார்கழி விடியலில் மயிலாப்பூர்க் கேசவப் பெருமாள் கோயிலிலும் வீட்டுப் பூசையறைகளிலும் முதியவர்களும் சிறுவர்களும் ஆண்களும் பெண்களும் ஓதுகிறார்கள். அவர்களில் எவரும் தாம் நடிப்பதாக எண்ணுவதில்லை. எவரும் அதைக் கலை என்று மட்டும் சொல்லவும் மாட்டார்கள். கபாலீசுவரர் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும்போதும் சம்பந்தரின் சொல்லே அவருடைய வழிபாடு. வாழ்நாளெல்லாம் சிவனோடு தோழமை பூண்டு, தேவைப்பட்டபோது ஏசவும் தயங்காத சுந்தரரின் சொல்லும் அவ்வாறே. இந்தச் சமய மரபின் பொது வழிபாட்டில் பெரும்பாலோர் தம் சொந்தச் சொல்லால் இறைவனிடம் பேசியதில்லை. பேசவேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

அப்படிப் பார்த்தால், முவ்வகோபாலனைக் கடிந்துகொள்ளும் கணிகையின் சொல்லைப் பிருந்தா பாடியது விதிவிலக்கு அன்று. அது இந்த மண்ணின் வழிபாட்டு முறையின் நேரான தொடர்ச்சி. இறைவனிடம் கோபிப்பதற்கும் கணக்குக் கேட்பதற்கும் சராசரி அடியவருக்குத் துணிவு வராது. அந்தத் துணிவுள்ள பெண்ணைக் கவிஞர் படைத்து வைத்திருக்கிறார், பாடுபவர் அவளை நம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆகவே பாடுபவரின் சொந்த நம்பிக்கையைச் சோதிப்பதில் பொருள் இல்லை. அவர் சொல்லுக்கு உண்மையாக இருக்கிறாரா என்பதுதான் சோதிக்கத்தக்கது, அதைக் காது சோதித்துவிடும். இரவல் வாங்கிய சொல்லை அவசரமாகச் சொல்பவர் அதை நம்பாதவராகவே ஒலிக்கிறார்.

இங்கே ஒரு தடை எழலாம். சொல்லுக்கு உண்மையாக இருப்பதே கடமை என்றால், குருவிடமிருந்து வந்த பாடாந்தரத்தை, அதாவது பாட்டின் வழிவழி வடிவத்தை, சற்றும் மாற்றாமல் ஒப்பிப்பதுதானே முறை? கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று அங்கேயே ஆசிரியராக வாழ்ந்த எம்.டி. இராமநாதனின் பாட்டு இதற்கு மறுமொழி. அவர் பாடியவை பெரும்பாலும் கீர்த்தனைகளே ஆனாலும், மற்றவர்கள் நடுத்தர வேகத்தில் பாடியவற்றை மிகத் தாழ்த்தி, சங்கதிகள் என்னும் இசை வேறுபாடுகள் பலவற்றைக் கைவிட்டு, ஒரே சொல்லில் நெடுநேரம் தங்கினார். தாம் இயற்றிய பாடல்களில் வரததாசன் என்று குருவின் அடிமையாகவே முத்திரை வைத்தார். அவ்வளவு பணிவுள்ளவரிடம் அவ்வளவு மாற்றம் இருந்தது முரண்பாடு அன்று. ஆண்டாள் ஆயர்பாடியைத் தன் ஊரில் கண்டதைப் போல, சொல்லை ஏற்பவர் அதைத் தம் மூச்சின் அளவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இல்லையேல் வாயில் சொல் இருக்கும், வேண்டுதல் இராது.

இந்தக் கோணத்தில் இன்றைய டிசம்பர்க் கச்சேரிகளைப் பார்க்கும்போது வருத்தம் எழாமல் இல்லை. மியூசிக் அகாடமியிலும், தியாகராய நகரின் கிருஷ்ண கான சபா போன்ற அரங்குகளிலும் பதம் பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் என்னும் தாளக்கருவி வாசிப்பு முடிந்தபின் எஞ்சிய சில நிமிடங்களில் வருகிறது. ஒரு சரணத்தோடு முடிகிறது, சில கச்சேரிகளில் வருவதே இல்லை. தாழ்ந்த காலத்தில் அமைந்த ஒரு பதம் முழுமையாக மலர இருபது நிமிடமாவது வேண்டும். ஏனெனில் பாடுபவர் மட்டும் அன்றி, கேட்பவரும் அந்தப் பெண்ணின் குரலுக்குள் புகுந்துகொள்ள நேரம் தேவைப்படுகிறது. பாலசரசுவதி பதத்துக்குக் கொடுத்த இடம் கருவறை. சபாக்கள் அதைக் கச்சேரியின் நடுவில் வைத்து, எல்லாச் சரணங்களையும் பாடச் சொல்லி, மிருதங்கத்தைச் சற்றே அடக்கி, எந்த ஆசிரியரின் பாடாந்தரம் என்பதை நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டால், தனம்மாள் வீட்டுப் பெண்களிடம் இந்த நகரம் பட்ட கடனில் ஒரு பகுதி அடையும். மார்கழியில் விடியலில் ஓதுபவர்கள் மாலையில் அரங்குக்கு வரும்போது, காலையில் செய்ததையே அங்கும் செய்யலாம்.