முடியாக் கதையும் நிறைவான முடிவும்

கதையொன்று இடைவழியில் நின்றுபோகுமாயின், அதனைக் கேட்டுக்கொண்டிருந்த மனமும் அவ்விடத்திலேயே நின்றுவிடுவதில்லை. எஞ்சிய வழியை அது தானே நடந்து பார்க்கின்றது. எமது மாணவர் பலர் விரும்பிப் பார்க்கும் 'அனிமே' எனப்படும் யப்பானிய அசையும் சித்திரத் தொடர்களிற் பல இவ்வாறு பாதியில் நின்றவை. அவற்றைப் பார்த்தோர் கூடுமிடமெல்லாம், இதற்கு எத்தகைய முடிவு பொருந்தும் என்பதே பேச்சு. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. பிறர் படைத்த மாந்தருக்கு முடிவு எழுத முற்படுவோர், நீதி யாது, ஆறுதல் யாது, உழைத்தவனுக்கு உரியது யாது என்னும் வினாக்களுக்குத் தம்மை அறியாமலே விடை கூறுகின்றனர். அவ்விடைகளை ஆராய்வது பயனுடைத்து.

முதலில் இக்கதைகள் ஏன் நிற்கின்றன என்பதை நோக்குவோம். அனிமேத் தொடர் தனியொருவரின் கைவண்ணம் அன்று. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை உற்பத்தியாளர் முதலியோர் பணமிட்டு அமைக்கும் தயாரிப்புக் குழுவே இன்று பெரும்பாலான தொடர்களின் உடைமையாளர். ஒரு பருவத்துக்கு 12 அல்லது 13 வாரங்கள் தொடர் ஓடும். அதனால் மூலச் சித்திரக்கதை நூல்கள் விற்பனையாகுமாயின் பணமிட்டோரின் நோக்கம் நிறைவேறிவிடும். அதன் பின்னர் கதையும் நிறைவேற வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

இது புதிய செய்தியுமன்று. 1979 ஆம் ஆண்டு யொஷியுகி தொமினோவின் நெறியாள்கையில் 'மொபைல் சூட் கன்டாம்' என்னும் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. போரில் அகப்பட்ட சிறுவர்களின் கதை அது. 52 வாரங்களுக்குத் திட்டமிடப்பட்டிருந்த அத்தொடர், பார்வையாளர் தொகை குறைந்ததாலும் பொம்மைகள் எதிர்பார்த்தவாறு விலைபோகாததாலும் 43 வாரங்களில் 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. எனினும் அதை ஆக்கியோர் சுருங்கிய காலத்துக்குள் ஒரு முடிவை அமைத்தனர்: போர்க்கருவியாக்கப்பட்ட சிறுவன், சிதைவுகளினூடே தன் தோழரை வந்தடைகிறான். வெற்றி முழக்கம் இல்லை. திரும்பிச் செல்ல ஓரிடம் உண்டு என்ற உணர்வு மட்டுமே உண்டு. ஒன்பது வாரங்கள் பறிக்கப்பட்ட பின்னும் அம்முடிவு நிறைவு தருகின்றது. எனவே நிறைவு என்பது நீளத்தைப் பொறுத்ததன்று என்பது தெளிவு.

பிறிதொரு வகை நிறுத்தமும் உண்டு. கென்ராரோ மியுரா 1989 ஆம் ஆண்டிலிருந்து வரைந்துவந்த 'பெர்சேர்க்' சித்திரக்கதை, 2021 மே மாதம் அவர் தமது 54 ஆம் வயதில் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்தது. அதனைத் தழுவி 1997 இல் தொடங்கிய 25 பகுதிகள் கொண்ட அனிமேயோ கதையின் மிகக் கொடிய கட்டத்தில் நின்றுவிட்டது. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் வந்த மற்றொரு தொடரும் முடிவை எட்டவில்லை.

கதையின் சாரம் இது. கிறிபித் என்னும் கூலிப்படைத் தலைவன் தனக்கென ஓர் அரசு காண விரும்புகிறான். அக்கனவின் பொருட்டு, தன்னை நம்பி வந்த தோழர்களை ஒருநாள் அரக்கர்களுக்குப் பலியிடுகிறான். தப்பியோர் மிகச் சிலர். அவருள் கட்ஸ் என்பவன் ஒரு கண்ணையும் ஒரு கையையும் இழக்கிறான். அவன் நேசித்த காஸ்கா சித்தம் கலங்குகிறாள்.

இதற்கு முடிவு கூறுமாறு கேட்டால், கட்ஸ் கிறிபித்தைக் கொல்லவேண்டும், காஸ்கா நலம்பெற வேண்டும், இருவரும் அமைதியாக வாழவேண்டும் என்பதே பலர் உடன் கூறும் விடை. இவ்விடையில் இரக்கம் உண்டு. அதனை நாம் இகழவில்லை. ஆயினும் அது பார்வையாளனின் நெஞ்சப் பாரத்தை இறக்குகின்றதேயன்றி, கதை எழுப்பிய வினாவுக்கு விடை தரவில்லை. மியுராவின் சித்திரக்கதை பிற்பகுதியில் எங்கே செல்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பலியின் பயனாக வல்லமை பெற்ற கிறிபித், பல்கோனியா என்னும் மாநகரின் தலைவனாகிறான். அரக்கர் மலிந்த உலகில் ஏதிலிகளாய் அலையும் மக்களுக்கு அந்நகர் புகலிடமாகின்றது. அங்கு குழந்தைகள் அஞ்சாது உறங்குகின்றன, உணவு கிடைக்கின்றது. அம்மக்கள் அவனை மீட்பனாகப் போற்றுகின்றனர்.

இங்கேதான் உண்மையான வினா எழுகின்றது. தோழரின் குருதிமேல் எழுந்த நகர் ஏழைகளுக்கு நிழல் தருமாயின், அந்நிழலை நாம் என் செய்வது? கட்ஸின் வாள் கிறிபித்தை வீழ்த்திவிட்டால் இறந்தோருக்கு நீதி கிடைத்துவிடுமா? நகருள் வாழும் ஏதிலிகள் மறுநாள் யாரிடம் செல்வர்? இவற்றைப் பேசாத முடிவு எத்துணை இன்பமாயிருப்பினும் அரைகுறை முடிவே.

நாம் கற்பிக்கும் முடிவு வருமாறு. கட்ஸும் காஸ்காவும் நகருள் புகவேண்டும். பலியானோரின் பெயர்கள் அங்கு ஒவ்வொன்றாகக் கூறப்படவேண்டும். தாம் உண்ணும் உணவின் விலையை மக்கள் அறிதல் வேண்டும். அறிந்தபின், அத்தலைவனின்றியே அந்நகரைக் காப்பதா, கைவிடுவதா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். கிறிபித் வீழ்வது வாளாலாயினும் சரி, அவனைப் போற்றிய மக்கள் முகம் திருப்பிக்கொள்வதாலாயினும் சரி. அதுகாறும் வெறும் கூட்டமாய் நின்ற மாந்தர் கதையின் முடிவில் பங்குகொள்வரேல், பலியிடப்பட்டோரின் வாழ்வு வீண்போகாது. இம்முடிவு இன்பமானதன்று. ஆயின் கதை பட்ட கடனைத் தீர்ப்பது.

ஒரு கதைக்கு ஒரு முடிவே பொருந்தும் என்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. ஹிரோமு அரகாவாவின் 'புல்மெற்றல் அல்கெமிஸ்ற்' இதற்குச் சான்று. ஒன்றைப் பெறவேண்டுமாயின் அதற்கு நிகரானதொன்றைக் கொடுக்கவேண்டும் என்ற விதியின்மேல் எழுந்த கதை அது. சித்திரக்கதை முடியுமுன்னரே 2003 இல் தொடங்கிய அனிமே, தனக்கென ஒரு முடிவை அமைத்தது: தமையன் தன்னையே ஈடாக்கித் தம்பியை மீட்டு, வேற்றுலகில் விழிக்கிறான். 2010 இல் நிறைவுற்ற சித்திரக்கதையிலோ அவன் தன் ஆற்றலையே விலையாகக் கொடுத்துத் தம்பியை மீட்டு, சாதாரண மனிதனாக வாழ்கிறான். இரண்டும் வெவ்வேறு முடிவுகள். இரண்டும் அந்த ஒரே விதிக்கு முகங்கொடுக்கின்றன. ஆகவே இரண்டையும் நாம் ஏற்கிறோம்.

அங்ஙனமாயின், மாண்டவரின் கதையை முடிக்கும் உரிமை எவருக்கு உண்டு? மியுராவின் நண்பரும் சித்திரக்கதை ஆசிரியருமாகிய கோஜி மோரி, அக்கதையின் முடிவை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே மியுராவின் வாயிலாகக் கேட்டிருந்தார். 2022 இல் மியுராவின் மாணாக்கரோடு இணைந்து கதையைத் தொடர முன்வந்தபோது, நண்பர் கூறியவற்றையே எழுதுவதாகவும், தாமாக எதனையும் கூட்டுவதில்லை எனவும் அவர் அறிவித்தார். மூலவரின் பெயரால் எழுதுவோர்க்கு இவ்வடக்கமே அறம். தன் பெயரால் கற்பனை செய்வோன் இதனினும் சுதந்திரமுடையவன். ஆனால் தன் கற்பனையை மூலவரின் எண்ணம் என்று விற்கும் உரிமை அவனுக்கில்லை.

கற்பனை செய்தல் வேறு, கட்டளையிடுதல் வேறு. 1996 இல் 'எவாஞ்ஜெலியன்' தொடரின் இறுதி இரு பகுதிகள் போரின் முடிவைக் காட்டாது, சிறுவனொருவனின் உள்ளத்துள் புகுந்து நின்றபோது, இரசிகர் பலர் நெறியாளர் ஹிடெயாகி அன்னோமீது சினந்தெழுந்தனர். 'நானா' சித்திரக்கதையின் ஆசிரியை அய் யசாவா 2009 இல் நோயுற்றமையால் அக்கதை நின்றது. இத்தகையோரை நோக்கி, ஏன் முடிக்கவில்லை என்று அதட்டுவோர், முடிவு என்பது ஒரு மனிதக் கையின் உழைப்பு என்பதை மறக்கின்றனர். விலைபோகவில்லை என்று கதையை வெட்டிய உடைமையாளரிடம் அவ்வினாவைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சோர்ந்த கையிடம் கேட்கலாகாது.

ஆசிரியராக உள்ள தோழர்கள் இதனை வகுப்பறைக்கும் கொண்டுசெல்லலாம். முடியாக் கதையொன்றுக்கு முடிவெழுதுமாறு மாணவரைப் பணித்து, எழுதியபின், இம்முடிவில் நிறைவடைந்தவர் யார், விடுபட்டுப்போனவர் யார் என்று வினவுக. நாயகனின் மணவிழாவில் முடித்த மாணவன், நகரின் ஏதிலிகளை நினைத்துத் தன் தாளைத் திரும்பப் பெற்றுச் செல்வானாயின், அந்த ஒரு பாடவேளை வீணாகவில்லை என்றே நாம் கொள்வோம்.