அணுகாமை

கல்லெறிதலும் கண்ணி வைத்தலுமே ஊறு என்பர் சிலர். மலையேறி வாளா நிற்பவன் என் செய்தான் என வினவுவர். அமெரிக்க நாட்டு அக்கேடியாப் பூங்காவிலுள்ள சாம்ப்ளெயின் மலைப்பாறை இதற்கு விடை தரும். பைரி என்னும் வேட்டைப்பறவை அப்பாறையிற் கூடு கொள்வது. டி.டி.டி. நஞ்சால் முட்டையோடு மெலிந்துடைய, அந்நாட்டின் கீழ்ப்பகுதியில் அவ்வினமே அற்றொழிந்தது. 1972-இல் அந்நஞ்சு அங்கு விலக்கப்பட்டது. வளர்த்து விடப்பட்ட பைரிகளால், 1991-இல் அப்பூங்காவில் மீண்டும் குஞ்சு வளர்ந்தது.

பைரி சுள்ளி அடுக்காது. பாறைத்திட்டின் பரலிலேயே முட்டையிடும். அருகே ஆள் தோன்றின் தாய் அஞ்சியெழும். அடை நீங்கிய முட்டை குளிரும். ஏறினவனோ காட்சி கண்டு மகிழ்ந்து இறங்குவான். ஓருயிர் அவிந்தமை அறியான். அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்க. ஆயின் வழியடைத்துப் பலகை நாட்டியபின் அவ்வறியாமைக்கு இடம் யாது?

பிற புட்களைக் கொன்று தின்னும் பறவைக்கு இத்துணைப் பரிவு ஏன் என்பாரும் உளர். அது பசிக்குக் கொல்லும். இவன் கெடுப்பதோ பொழுதுபோக்கிற்கு. அன்றியும், இவனை மலையேறவே கூடாதென்று தடுத்தார் யார்? குஞ்சுகள் பறந்து தேறியபின், பெரும்பாலும் ஆகஸ்டு நடுவில், வழி திறக்கப்படும்.