பெயரும் பழியும்

நோய்க்குப் பெயரிடுவது மருத்துவத்தின் முதற் கடமைகளுள் ஒன்று. பெயர் தெரிந்தால் பரிகாரமும் தெரியும் என்பது பொதுநம்பிக்கை. ஆனால், அப்பெயரே பழியாக மாறி நோயாளியை வைத்தியசாலை வாசலிலேயே நிறுத்திவிடுமாயின், அதனைச் சூட்டியோரின் பொறுப்பு யாது?

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றின் வரலாறு இக்கேள்வியை எழுப்புகிறது. 1938இல் அடோல்ப் ஸ்டேர்ன் என்னும் அமெரிக்க உளமருத்துவர், அன்று வகுக்கப்பட்டிருந்த இருபெரும் உளநோய்ப் பிரிவுகளுள் எதிலும் அடங்காதோரை எல்லைக்கோட்டினர் என்றார். குறைபாடு வகுப்பில் இருந்தது; பெயரோ நோயாளிமீது விழுந்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது இடம்பெற்றது. கைவிடப்படுவோம் என்ற பேரச்சம், நிலைகொள்ளா உறவு, உள்வெறுமை, அடங்காச் சினம், தன்னைக் காயப்படுத்தல் முதலிய ஒன்பது குறிகளுள் ஐந்து இருந்தாற் போதும் என்கிறது இன்றைய கையேடு. எனவே, இப்பெயர் பெற்ற இருவருக்கு ஒரேயொரு குறி மட்டும் பொதுவாக இருத்தலுங் கூடும்.

1988இல் பிரித்தானியாவில் லூயிஸ், அப்பிள்பி என்போர் உளமருத்துவர்களிடம் நோயாளி ஒருவரின் விவரத்தைக் கொடுத்துக் கருத்துக் கேட்டனர். முன்னர் ஆளுமைக் கோளாறு எனக் கணிக்கப்பட்டவர் என்ற குறிப்புச் சேர்ந்ததும் பரிவு குறைந்தது. தொல்லை தருபவர் என்ற எண்ணம் கூடியது.

சிறுபராயக் கொடுமையும் புறக்கணிப்பும் இந்நோயாளர் பலரின் வாழ்விற் காணப்படுகின்றன, பிறவியியல்புக்கும் பங்குண்டு. அங்ஙனமாயின் அவரிடமே 'நீ மாறு' என்பது நியாயமா? குற்றமற்றவர் என்று கூறிவிட்டு வாளாவிருப்பதுதான் கருணையா?

மார்ஷா லினகன் இவ்விரு முனைகளையும் இணைத்தார். 1961இல், தமது 17ஆம் வயதில், உளநோய் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர் அவர். இதனை 2011இல் பகிரங்கமாகக் கூறினார். நோயாளியை உள்ளவாறே ஏற்றல், அவரை மாறத் தூண்டல் என்னும் முரணான இரண்டையும் ஒருங்கிணைத்த தம் முறைக்கு இயங்கியல் என்ற அடைமொழியைக் கொடுத்தார். 1991இல் வெளியான அவரது ஆய்வில், ஓராண்டு இச்சிகிச்சை பெற்ற பெண்கள், வழமையான சிகிச்சை பெற்றோரைவிடக் குறைவாகவே தம்மைக் காயப்படுத்திக்கொண்டனர். பழி வேறு, பொறுப்பு வேறு என்பதற்கு இது சான்று.

ஆயினும், வாரந்தோறும் தனிச்சந்திப்பும் குழுப்பயிற்சியும் இதற்கு வேண்டும். அவை விலைகொடுத்து வாங்கும் பண்டங்களாய் உள்ளவரை வறியோர்க்குப் பெயர் மட்டுமே எஞ்சும். பெயரைத் தந்து சிகிச்சையை மறுப்பது பழிசுமத்தலேயாகும். மாறுமாறு நோயாளியைக் கேட்கும் உரிமை, அம்மாற்றத்துக்கு வழிசமைத்துக் கொடுக்கும் சமுதாயத்துக்கே உண்டு.