பழைய பிடி, புதிய அலகு

மடக்குக் கத்திக்கு முக்கிய உறுப்புகள் மூன்று: வெட்டும் அலகு, மடக்கும்போது அலகை உள்ளே வாங்கிக்கொள்ளும் பிடி, பிடியின் முதுகில் படுத்து அலகை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் பட்டை. மூன்றையும் ரிவிட் ஆணிகள் கோத்து நிறுத்துகின்றன. இவற்றில் முதலில் வீணாவது பெரும்பாலும் அலகுதான். சாணை பிடிக்கப் பிடிக்க அது தேயும். டப்பா மூடியை நெம்பினால் நுனி முறியும். சென்னை போன்ற உப்புக்காற்று ஊரில் எண்ணெய் போடாமல் விட்டால் துரு தின்னும். பிடியோ கைபட்டுக் கைபட்டு மெருகேறியிருக்கும். அலகு போய்ப் பிடி மட்டும் நன்றாக இருக்கும் கத்தியைக் காயலான் கடைக்குப் போடுவதா, புது அலகு செய்து பொருத்துவதா? எந்த உறுப்பு போனால் பொருளே போய்விட்டது என்று கொள்வது என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

மனிதர் கருவிக்குப் பிடி போடத் தொடங்கிய பிறகு எழுந்த கேள்வி இது. அதற்கு முந்தைய காலத்துக் கருவி ஒன்று சென்னையை ஒட்டியே கிடைத்தது. சென்னையின் தெற்குப் புறநகரான பெருங்களத்தூரில் கடற்கரை ரயில் ஏறினால் நான்காவது நிலையம் பல்லாவரம். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அக்காலத்துக் கைக்கோடரியில் பிடியும் கூரும் ஒரே கல். மழுங்கினால் விளிம்பில் சில்லு பெயர்த்துக் கூராக்கலாம். ஒவ்வொரு முறையும் கல் சிறுத்துக்கொண்டே வரும். பெயர்க்க இடமில்லாத நிலையில் கருவியின் ஆயுள் முடியும். கூரை ஒரு கழியில் பொருத்தக் கற்ற பிறகுதான் ஒன்று போய் மற்றது மிஞ்சும் நிலை வந்தது.

மடக்குக் கத்தியைப் பழுதுபார்க்கும் வேலை ரிவிட்டைக் கழற்றுவதில் தொடங்குகிறது. ஆணியின் தலையை அரத்தால் தேய்த்து, சிறு உளியால் தட்டி வெளியே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் மரப்பிடியோ கொம்புப்பிடியோ விரிந்துவிடும். உடைந்த அலகை எறியக் கூடாது. புதியதற்கு அளவு அதிலிருந்துதான் கிடைக்கும். அதன் அடிப்பகுதியை அட்டையில் வரைந்து வெட்டி, பிடிக்குள் வைத்துப் பார்த்த பிறகே எஃகைத் தொடுவது முறை.

எந்த எஃகு என்பது அடுத்த முடிவு. பெருங்களத்தூர் வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் லேத் பட்டறைக்கும் காயலான் கடைக்கும் பஞ்சமில்லை. லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. கொல்லர்கள் அதில்தான் அரிவாள் அடிக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள அலகுக்கு அந்தப் பட்டை மிகத் தடிமன். தேய்ந்த அரம் இதற்குப் பொருந்தும். அதைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால், அறுக்கவும் துளையிடவும் இடம் கொடுக்கும் அளவுக்கு இளகும்.

கூருக்கு அடிப்படை எஃகிலுள்ள கரி. தென்னிந்தியக் கொல்லர்கள் இதை நெடுங்காலமாகக் கையாண்டவர்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு, எஃகு வேலைக்கான உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஊட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த இந்திய எஃகு பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போனபோது, அதை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டிக்கு ஓர் ஆய்வுரை அளித்தார். அந்த எஃகைச் சோதிக்க ஸ்டோடார்ட் என்ற கைவினைஞர் அடித்துப் பார்த்த பொருள் ஒரு பேனாக்கத்தி.

அலகில் முதலில் போட வேண்டியது ஆணித்துளை. அது ஒரு மயிரிழை விலகினாலும் மற்ற அளவுகள் அத்தனையும் விலகும். பிறகு அடிப்பகுதிக்கு உருவம் கொடுக்க வேண்டும். கத்தி திறந்திருக்கையில் ஸ்பிரிங் ஒரு முகத்திலும், மூடியிருக்கையில் வேறொரு முகத்திலும் உட்காரும். திறந்த முகத்தைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அலகு ஆடும். மூடிய முகத்தில் அதே தவறு நேர்ந்தால் கூர் ஸ்பிரிங்கில் மோதி மழுங்கும். அதனால் அடிப்பகுதியில் மெழுகுவர்த்திப் புகையைப் படியவைத்து, தற்காலிக ஆணியில் கோத்து, ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கிறார்கள். கரி அழிந்து மின்னும் இடம் இடிக்கும் இடம். அங்கே மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி புகை, மறுபடி கோர்ப்பு. பிடி அளவு சொல்ல, எஃகு அதற்குப் பணிந்து வருகிறது.

பொருத்தம் முடிந்த பிறகே தோய்ச்சல். அலகைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேற்றி (ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸைத் தாண்டி) எண்ணெயில் முக்கினால் அரம் வழுக்கும் அளவுக்கு இறுகும். ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். மேற்பரப்பைத் தேய்த்துப் பளிச்சென்றாக்கி மீண்டும் மெல்லச் சூடாக்க வேண்டும். 220 டிகிரியை நெருங்கும்போது வைக்கோல் நிறம் படரும். அலகுக்கு அதுவே போதும். 300 டிகிரியை ஒட்டி வரும் நீலம் ஸ்பிரிங்குக்கு உகந்தது, கூருக்கு மிகையான இளக்கம். கடைசியில் புதிய ஆணியைக் கோத்து, தலையைத் தட்டிப் பரப்பினால் கத்தி மறுபடி மடங்கும்.

இது பழைய கத்திதானா? பிரெஞ்சுக்காரர்களிடம் ழானோவின் கத்தி என்றொரு வேடிக்கை உண்டு. அலகையும் பிடியையும் மாறி மாறிப் பலமுறை புதுப்பித்த பின்னும், அது அதே கத்தி என்று சாதித்தவன் ழானோ. உலோகத்தையும் மரத்தையும் எடை போட்டுப் பார்த்தால் அவன் கட்சி நிற்காது. ஆனால் அந்தக் கணக்கில் பொருத்தம் சேரவில்லை. ஒவ்வொரு புதிய அலகும் அன்றைக்கு இருந்த பிடியின் அளவுக்கு அராவப்பட்டது. ஒவ்வொரு புதிய பிடியும் அன்றைய அலகின் அளவுக்குச் செதுக்கப்பட்டது. இரண்டும் ஒரே நாளில் மாறியிருந்தால் அது வேறு கத்தி. ஒன்று நின்று மற்றதற்கு அளவு கொடுத்தவரை அது அதே கத்தி. ஊருக்கும் இது பொருந்தும். பெருங்களத்தூர் பேரூராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது, வயல்கள் மனைகளாயின, குடியிருப்போரில் பலர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் வந்தவர் ஒவ்வொருவரும் ஏற்கெனவே இருந்த ரயில் நிலையத்துக்கும் சாலைக்கும் தெருவுக்கும் ஏற்பத் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டதால் ஊர் தொடர்கிறது.

தொடர்ச்சிக்கு இன்னொரு நிபந்தனை நேர்மை. தமிழகக் கோயில் திருப்பணியில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கல்வெட்டுகள் புதிய சுவரில் படியெடுத்து வெட்டப்பட்டன. அவை பழைய கல்லின் படிகள் என்ற குறிப்பும் அங்கேயே பொறிக்கப்பட்டது. கட்டடம் புதிது என்பதை மறைக்கவில்லை. பழைய கொடைகளைத் தொலைக்கவும் இல்லை. இதற்கு நேர்மாறானது புது அலகில் பழைய கம்பெனியின் முத்திரையைக் குத்தி விற்பது, அது மோசடி.

எல்லாக் கத்திக்கும் புது அலகு வேண்டியதில்லை. நுனி மட்டும் முறிந்திருந்தால், அலகைக் குட்டையாக்கிச் சாணை பிடித்தால் போதும். செய்தவர் முத்திரையோ காலச் சிறப்போ உள்ள அரிய கத்தியை உடைந்தபடியே பாதுகாப்பது நல்லது. அதன் மதிப்பு வெட்டுவதில் இல்லை. பிடி உளுத்து, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் அளவு கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள். அதற்குப் புதுக் கத்தியே நேரான வழி. மாற்றிப் பொருத்திய கத்தியில் புதிய அலகின் அடியில் ஆண்டைப் பொறித்து, கழற்றிய அலகையும் எடுத்துவைப்பது நல்ல வழக்கம். கத்தி அடுத்தவர் கைக்குப் போகும்போது, எது எப்போது மாறியது என்ற விவரமும் கூடப் போனால், அடுத்த பழுதுக்கு அவர் அளவு தேட வேண்டியதில்லை.