பிறர் அகம் அறிதல்: மதியிறுக்கக் குழந்தைகளின் உலகு குறித்து ஒரு சிந்தனை

பிறர் மனத்தை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. முகம், குரல், உடலசைவு ஆகிய புறக்குறிகளைக் கொண்டே அகத்தை உய்த்துணர்கிறோம் என்பது பொதுவிடை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் இவ்விடையின்மீது எழுந்தது எனலாம். நகை முதல் உவகை ஈறாக உள்ள எட்டு மெய்ப்பாடுகளும், காண்பாரும் காணப்படுவாரும் ஒரே உடல்மொழியினர் என்னும் எடுகோளை உட்கொண்டவை. அவ்வெடுகோள் பொருந்தாதவிடத்து நேர்வது யாது?

அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே மதியிறுக்க ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்ளும் இயல்பு இவர்களிடம் பிறப்பிலேயே குன்றியுள்ளது என்பது அவர்தம் முடிபு. பேரொலிகளைக் கேட்டு இக்குழந்தைகள் அஞ்சி நடுங்கியதையும் அக்கட்டுரையிலேயே அவர் பதிவுசெய்துள்ளார். எனினும், புலன்களின் மிகையுணர்வும் குறையுணர்வும் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் தெளிவான அளவுகோலாக இடம்பெற்றது 2013இல்தான். குழந்தை நம்மை எவ்வாறு நோக்கவில்லை என்பதை ஆராய்ந்த அளவிற்கு, உலகம் அதன்மீது எவ்வாறு வந்து மோதுகிறது என்பதை நெடுங்காலம் ஆராயவில்லை.

1985இல் பாரன்-கோகன், லெஸ்லி, ஃபிரித் ஆகியோர் நிகழ்த்திய சோதனை பெரும்புகழ் பெற்றது. சாலி என்னும் பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கிறது. ஆன் என்னும் பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. திரும்பிவரும் சாலி எங்கே தேடும்? மதியிறுக்கமுடைய 20 குழந்தைகளுள் 16 பேர் குண்டு உண்மையில் இருந்த பெட்டியையே சுட்டினர். மனவளர்ச்சியில் இவர்களினும் பின்தங்கிய, டவுன் நோய்த்தொகுதி உடைய குழந்தைகளுள் பெரும்பான்மையோர் சரியாக விடையிறுத்தனர். இதிலிருந்தே பிறர் மனத்தை அறியவியலாத 'மனக்குருடு' என்னும் கருத்து வளர்ந்தது.

இங்கு ஒரு தடை எழுகிறது. சரியாகச் சொன்ன நால்வரை என்ன செய்வது? மேலும், கேட்கும் திறனுடைய பெற்றோருக்குப் பிறந்து, சைகைமொழியைக் காலந்தாழ்த்திக் கற்ற செவிப்புலனற்ற குழந்தைகளும் இத்தகைய சோதனையில் தவறுவதைப் பீட்டர்சன், சீகல் இருவரும் 1995இல் காட்டினர். அக்குழந்தைகளுக்கு மனமறியும் ஆற்றல் பிறவியிலேயே இல்லை என யாரும் கூறார். உரையாடும் வாய்ப்பே குறைந்திருந்தது. ஆகவே சோதனையில் தவறுதல் ஒன்று, மனமறியும் இயல்பே இன்மை மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவது ஏரணப் பிழை மட்டுமன்று. ஒரு குழந்தையை மனித உறவின் எல்லைக்கு வெளியே நிறுத்துவதாதலின் அறப்பிழையுமாகும்.

சொல்லாட்சியிலும் இதே தாவல் உண்டு. சிக்கலான படத்துள் மறைந்துள்ள வடிவத்தைக் கண்டறியும் சோதனையில் இக்குழந்தைகள் ஒத்த மனவயதுடைய பிறரை விஞ்சினர் என்பது 1983இல் ஷா, ஃபிரித் ஆகியோர் கண்டது. அத்திறனும் பின்னர் முழுமையை இணைத்துக் காணும் ஆற்றலின் 'நலிவு' என்றே விளக்கப்பட்டது. தமிழில் நாம் ஆக்கிக்கொண்ட 'மதியிறுக்கம்' என்னும் சொல்லும் தீர்ப்பொன்றை உள்ளடக்கியதே. வேறு சொல் நிலைபெறாமையின் இங்கும் அதையே ஆள நேர்கிறது.

இதனால் இந்நிலையைத் தனித்திறனென்று போற்றிவிடுதலும் முறையன்று. சமையற்கட்டில் மிக்சி ஓடும்போது தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தையின் துன்பமும், இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் களைப்பும் உண்மையானவை. வேறுபாடு என்று பெயர் மாற்றுவதால் அவை தீரா.

தாமும் மதியிறுக்க இயல்பினரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல், உணர்ந்துகொள்ள இயலாமை இருபாலும் உள்ளது என வாதிட்டார். மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா இங்கு நினைக்கத்தக்கது. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் எளிதில் புலப்படாது என்பது அதன் கருத்து. தகுதி கோரப்படுவது காண்பாரிடத்தே. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் மாணவனைக் கவனமற்றவன் என்று ஆசிரியர் குறிக்கிறார். முகத்தையும் குரலையும் ஒருசேரத் தாங்கவியலாமல், குரலைக் கேட்பதற்காகவே அவன் முகத்தைத் தவிர்த்திருக்கவும் கூடும்.