கைமுதல் இல்லாதவனின் பிரார்த்தனை



மனதில் பாரம் இல்லாமல், திருநாராயணன் எழுந்தருளியிருக்கும் இந்த மேல்கோட்டை மலைக்கு வருபவர்கள் குறைவு. ஒருவர் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு நோயாளி. இன்னொருவருக்குக் கழுத்தை நெரிக்கும் கடன். வேறொருவர் பெற்ற பிள்ளையோடு பேச்சே நின்றுபோய் வந்திருக்கிறார். பலரும் அடியேனிடம் கேட்பது இதைத்தான்: “சுவாமி, மனசு ஒரு நிலையில் இல்லை. விளக்கேற்றி உட்கார்ந்து நாமம் சொல்லக்கூட முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கூப்பிட்டால் பெருமாள் காதில் விழுமா?”

விழும். அதற்கு இந்த ஊரே சாட்சி.

எம்பெருமானார் என்று நாம் போற்றும் ராமாநுஜர் இங்கே யாத்திரையாக வந்தவரல்லர். உயிருக்கு ஆபத்து நேர்ந்து வந்தவர். சோழ அரசனின் ஆட்கள் திருவரங்கத்து மடத்தைத் தேடி வந்தபோது, சீடர் கூரத்தாழ்வான் தம் ஆசாரியனின் காவியையும் திரிதண்டத்தையும் தாம் ஏற்று அரசவைக்குப் போனார். எண்பது வயதை எட்டிய ராமாநுஜர் வெள்ளாடை உடுத்திக் காட்டு வழியே மேற்கே நடந்தார். வழியில் வேடர்கள் கொடுத்த தேனும் தினையும்தான் பசியாற்றின. ஆண்டுக்கணக்காகக் கைங்கரியம் செய்த அரங்கன் கோயில் பின்னால் போயிற்று. அன்போடு வளர்த்த சீடர்களில் பலர் எங்கே என்றுகூடத் தெரியவில்லை.

யதுகிரி என்னும் இந்த மலைப் பக்கம் வந்து சேர்ந்த காலத்தில், நெற்றியில் சாற்றிக்கொள்ளும் திருமண் தீர்ந்துபோயிற்று என்று குருபரம்பரை சொல்கிறது. உலகத்தார் கண்ணுக்கு அது சின்ன விஷயம். ஆனால் எல்லாவற்றையும் இழந்து வந்தவருக்கு, அடியவன் என்று தம்மைக் காட்டும் அந்த வெள்ளைக் கோடும் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய வேதனை! பெரிய இழப்புகளைத் தாங்கிக்கொண்ட மனம், இப்படி ஒரு சின்னக் குறையில்தான் உடைந்துபோகும். உங்களில் பலருக்கு இது தெரியும். அந்த வருத்தத்தோடே அவர் கண்ணயர்ந்தார். அன்றிரவு கனவில் பெருமாள், தாம் புற்றுக்குள் மறைந்திருக்கும் இடத்தையும், கல்யாணி தீர்த்தத்தின் பக்கத்தில் திருமண் கிடைக்கும் இடத்தையும் காட்டினார். அப்படித் திருநாராயணன் வெளிப்பட்டது பகுதானிய வருஷம் தை மாதம் புனர்பூசத்தில், அதாவது 1099இல் என்பது சம்பிரதாயக் கணக்கு.

எம்பெருமானார் அன்று எதைக் கொண்டு பெருமாளை அழைத்தார்? கையில் தளிகை இல்லை, கோயில் இல்லை, நெற்றியில் திருமண்கூட இல்லை. இல்லாமையைத்தான் அவன் முன் வைத்தார். நம் பூர்வர்கள் இதைக் கைமுதல் இல்லாமை என்றார்கள். பெருமாளிடம் போவதற்கு அது தடையல்ல, அதுவே தகுதி.

பின்னாளில் வந்த ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் இதை ஐயமறத் தெளிவாக்குகிறார். சரணாகதிக்கு இடம் இது, காலம் இது, முறை இது என்ற கட்டுப்பாடு கிடையாது என்கிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சி திரௌபதி. சபை நடுவே இழுத்து வரப்பட்டபோது அவள் நீராடித் தூய்மையாக இருந்தவள் அல்லள். அந்த நிலையிலேயே கண்ணனைக் கூப்பிட்டாள், கண்ணன் காத்தான். ஆகவே “மனசு சரியான பிறகு வேண்டிக்கொள்கிறேன்” என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் தணிந்த பிறகு மருத்துவரிடம் போகலாம் என்று யாராவது காத்திருப்பார்களா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கனவு கண்ட எம்பெருமானார் மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்களோடு காட்டுக்குள் சென்று புற்றை அகற்றினார், கோயில் எழுப்பினார், துணை நின்ற எளியவர்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு ஆலயத்துக்குள் அழைத்துக்கொண்டார். பெருமாள்மேல் பாரத்தைப் போட்டவன் மருந்தை நிறுத்துவதில்லை. கடன்காரர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஒளிவதுமில்லை. பயம் கழிந்த கையால் செய்ய வேண்டியதைச் செய்கிறான்.

“வேண்டினேன், கிடைக்கவில்லையே” என்று சிலர் மனதுக்குள் அழுவது அடியேனுக்குத் தெரியும். அதை மழுப்ப மாட்டேன். காவியுடுத்தி அரசவைக்குப் போன கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். உடன் சென்ற முதியவர் பெரிய நம்பிகள் அந்தக் கொடுமையிலேயே பரமபதித்தார். இந்தச் செய்தி மேல்கோட்டைக்கு வந்தபோது எம்பெருமானார் துடித்துப்போனார். சுமார் 12 ஆண்டுகளுக்குப் பின் அவர் திருவரங்கம் திரும்பி, கண்ணை வேண்டிக் காஞ்சி வரதனைப் பாடும்படி ஆழ்வானிடம் சொன்னார். அந்தச் சந்நிதியில் ஆழ்வான் கேட்டது என்ன தெரியுமா? தம் கண் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் அதே நற்கதி வேண்டும் என்பது! துன்பத்திலிருந்து எழும் பிரார்த்தனை முதிர்ந்தால் இப்படித்தான் ஆகும். “என்னைக் காப்பாற்று” என்று தொடங்கி, “எனக்குத் தீங்கு செய்தவனையும் காப்பாற்று” என்பதில் முடியும்.

பிற்காலத்திலும் இதே கதைதான். 1323இல் திருவரங்கம் படையெடுப்புக்கு ஆளானபோது, முதிய வயதில் அரங்கனின் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளோடு புறப்பட்ட பிள்ளை லோகாசாரியர், அவன் திரும்பியதைக் காணாமலே ஜோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். ஊர் ஊராகச் சென்ற நம்பெருமாள் இந்த மேல்கோட்டையிலும் எழுந்தருளியிருந்தார் என்பார்கள். ஆசாரியர் வேதாந்த தேசிகர் கொள்ளேகால் பக்கம் சத்தியகாலத்தில் தங்கி, அரங்கத்தின் அச்சம் தீர வேண்டி 29 சுலோகங்களால் அபீதிஸ்தவம் பாடினார். விஜயநகரப் படைத்தலைவர் கோப்பணார்யர் நம்பெருமாளைத் திருவரங்கத்துக்குத் திரும்ப எழுந்தருளச் செய்தது 1371இல். இடையே 48 ஆண்டுகள்! அத்தனை காலமும் வேண்டியவர்களின் வேண்டுதல் வீண் போகவில்லை. அவர்கள் நம்பிக்கையின் பலனை அடுத்த தலைமுறை கண்ணாரக் கண்டது.

ஆகவே அடியார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். அழகான வார்த்தைகளைத் தேடாதீர்கள். உங்கள் கஷ்டத்தை உள்ளபடி பெயர் சொல்லி அவனிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி சொல்லலாம். பஸ்ஸில் உட்கார்ந்தபடி சொல்லலாம். அழுகை வந்தால் அழுதபடியே சொல்லலாம். பிறகு, உங்களைப் போலவே தவிக்கும் இன்னொருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால், மனம் கசந்துபோன ஒருவர் பெயரையும்.

திருநாராயணா, எங்களிடம் கைமுதல் ஒன்றும் இல்லை. உன் கருணை ஒன்றே எங்களுக்குத் துணை. எம்பெருமானாரின் கண்ணீரைத் துடைத்த நீ, இங்கே நிற்கும் ஒவ்வொருவரின் கண்ணீரையும் துடைக்க வேண்டும். எங்களுக்குத் தைரியம் கொடு, பொறுமை கொடு, எங்களைப் புண்படுத்தியவர்களுக்கும் நல்வாழ்வு கொடு. உன்னையே நம்பியிருக்கிறோம்.